முதல் மலை, நாலு தொடர்பு: கைரேடியோவோடு லீத் ஹில்லா, ஸ்கேஃபெல் பைக்கா?

தென்குன்று
எல்லோருக்கும் வணக்கம். லண்டன் குரொய்டனில் இருக்கிறேன். அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கான முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் பாஸ் செய்து, எம்7 என்று தொடங்கும் கால்சைன் (ரேடியோவில் என் அடையாளப் பெயர்) வந்துவிட்டது. (26 கேள்வியில் 19 சரியாக இருந்தால் போதும். யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தைரியமாக எழுதலாம்.) ஆனால் வீட்டில் ஆன்டெனா கட்ட வழியே இல்லை. மூன்றாவது மாடி, பால்கனியில் துணி காயப்போட்டாலே கடிதம் வரும் கட்டடம். அதனால் மலை உச்சிக்குப் போய் ரேடியோவில் பேசிப் புள்ளி சேர்க்கிற சோட்டாவில் (சம்மிட்ஸ் ஆன் தி ஏர்) இறங்கலாம் என்று ஆசை.

கையில் இருப்பது 5 வாட் கைரேடியோ, 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் என்ற இரண்டு அலைவரிசைகள் மட்டும். அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறைக்கு லேக் டிஸ்ட்ரிக்ட் போகிறோம். நேராக இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்கேஃபெல் பைக்கிலேயே தொடங்கிவிடலாமா? சோட்டா பட்டியலில் 10 புள்ளி போட்டிருக்கிறது. இல்லை, முதலில் ஐகாம் 705 ரேடியோ வாங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமா? யூடியூபில் எல்லோர் மடியிலும் அதுதான் இருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏழுமெகா
705 நல்ல ரிக்தான் தம்பி, இப்போதைக்கு வேண்டாம். ஸ்கேஃபெல் பைக்கும் இப்போதைக்கு வேண்டாம். குரொய்டனிலிருந்து பக்கத்தில் இருக்கிறது லீத் ஹில். பட்டியலில் ஜி/எஸ்இ-002. உயரம் 294 மீட்டர், புள்ளி ஒன்றே ஒன்று. அங்கே தொடங்குங்கள்.

விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டர் இறக்கத்துக்குள் இருந்து பேச வேண்டும். வண்டிக்குள் இருந்தோ வண்டி பேட்டரியிலிருந்தோ இயக்கக்கூடாது. பெட்ரோல் ஜெனரேட்டரும் கூடாது. சாமான் எல்லாவற்றையும் நீங்களே சுமந்து ஏற வேண்டும். வெவ்வேறு நாலு நிலையங்களோடு பேசினால் புள்ளி. ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசியது கணக்கில் வராது. ஒரு மலைக்கு ஒரு காலண்டர் ஆண்டில் ஒரு முறைதான் புள்ளி. 2002 மார்ச் 2 அன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் தொடங்கியபோது இருந்த அடிப்படை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2 மீட்டர் அலை பெரும்பாலும் கண் பார்க்கும் தூரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகவும் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வந்துவிடும். லீத் ஹில்லுக்குச் சுமார் 70 கிலோமீட்டர், 978 மீட்டர் ஸ்கேஃபெல் பைக்குக்குச் சுமார் 129. கணக்குப்படி பெரிய மலைதான் ஜெயிக்கிறது. ஆனால் அந்த 70 கிலோமீட்டருக்குள் யார் இருக்கிறார்கள்? லண்டன் முழுக்க, தெற்கே கடற்கரை வரைக்கும், வீட்டில் 145.500 மெகாஹெர்ட்ஸ் அழைப்புச் சேனலைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். ஸ்கேஃபெல் பைக்கைச் சுற்றி இருப்பது பக்கத்து மலைகளும் செம்மறி ஆடுகளும். மலைகள் அலையை மறைக்கும், ஆடுகளுக்குக் கால்சைன் கிடையாது. அங்கே நாலு பேர் கிடைக்கவே மாட்டார்கள் என்று சொல்லவில்லை. லங்காஷயர் பக்கத்திலிருந்தோ ஐல் ஆஃப் மேனிலிருந்தோ பதில் வரலாம். ஆனால் காற்றில் நின்றுகொண்டு நாலாவது ஆளுக்காகக் காத்திருப்பது முதல் அனுபவமாக இருக்க வேண்டாம்.

டிடாடிட்
ஏழுமெகா அண்ணன் சொன்னதோடு ஒன்று. ரேடியோவோடு வந்த அந்தக் குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிப் பையில் போடுங்கள். 300 ஓம் ட்வின் லீட் கம்பியில் செய்த ஸ்லிம் ஜிம் ஆன்டெனா ஒன்றைச் சுருட்டி எடுத்துப்போய்க் கம்பில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதே 5 வாட் வேறு ரேடியோ மாதிரி கேட்கும். செலவு ஒரு பிரியாணிக் காசுதான்.

மலிவுக் கைரேடியோவாக இருந்தால் இன்னொரு சங்கதி. பக்கத்தில் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் உச்சியில் அதன் காது அடைத்துவிடும். லங்காஷயர் வின்டர் ஹில்லில் நிற்கும் டிவி மாஸ்ட் 300 மீட்டருக்கும் மேல். அதன் காலடியில் நின்றால், நீங்கள் பேசுவது எல்லோருக்கும் கேட்கும், அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது. ஃபில்டர் போட்டுச் சமாளிக்கலாம், இல்லையென்றால் நல்ல ரிசீவர் உள்ள ரேடியோ வேண்டும்.

வட்டக்கச்சி
லெஸ்டரில் இருந்து எழுதுகிறேன். எனக்கு இதில் ஒரு மனக்குறை நெடுநாளாய் இருக்கு. மலைக்கு ஏறுகிறோம், சரி. ஏறியதும் முதல் வேலையாய் ஃபோனை எடுத்து சோட்டாவாட்ச் இணையப் பக்கத்தில் "நான் இங்க நிற்கிறேன், இந்த ஃப்ரீக்வென்சி" என்று ஸ்பாட் போடுகிறோம். உடனே உலகத்தில் இருக்கிற சேஸர் (மலையில் நிற்பவரைத் தேடிப் பேசுகிறவர்) எல்லாரும் அங்க வந்து குவிகிறார்கள். பத்து நிமிசத்தில் லாக் (தொடர்புகளை எழுதும் குறிப்பேடு) நிரம்பிவிடும். இது கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்துவிட்டு "அட, எவ்வளவு சனம் வந்திருக்கு" என்று அதிசயப்படுகிற கதைதானே? இன்டர்நெட்டில் ஆளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ரேடியோவில் பேசுவதற்கு எதற்கு ரேடியோ?

நான் ஸ்பாட் போடுவதில்லை. சும்மா சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிடுவேன். வந்தவர் வரட்டும்.

பனிச்சாரல்
பத்திரிகை கொடுத்தாலும் நடந்து வர வேண்டியது அவர்கள்தானே அண்ணா. ஸ்பாட் போட்டதால் என் சிக்னல் ஒரு டெசிபெல் கூடிவிடாது. கால்சைனும் சிக்னல் ரிப்போர்ட்டும் ரேடியோவில்தான் பரிமாற வேண்டும் என்று விதியே இருக்கிறது.

டிடாடிட்
வட்டக்கச்சி அண்ணா, நீங்கள் மோர்ஸில் சிக்யூ கூப்பிடுகிறீர்களா, குரலிலா?

வட்டக்கச்சி
மோர்ஸில்தான். 14.062 மெகாஹெர்ட்ஸ்.

டிடாடிட்
அப்படியென்றால் நீங்களும் பத்திரிகை கொடுத்தவர்தான். :-) போவதற்கு முன்னால் எந்த மலை, எத்தனை மணி என்று சோட்டாவாட்சில் அலர்ட் போடுவீர்கள் இல்லையா? ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்று உலகம் முழுக்க ரிசீவர்கள் தானாக மோர்ஸ் சிக்யூவைக் கேட்டு எழுதிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கால்சைன் அதில் விழுந்ததும், அலர்ட்டோடு ஒப்பிட்டு சோட்டாவாட்சில் ஸ்பாட் தானாகவே ஏறிவிடும். நீங்கள் ஃபோனைத் தொட வேண்டியதே இல்லை. "சும்மா கூப்பிட்டேன், இருபது பேர் வந்தார்கள்" என்று நீங்கள் போன கோடையில் எழுதியது ஞாபகம் இருக்கிறது.

வட்டக்கச்சி
ஓம், அது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வருசம் அலர்ட்டும் போடுவதில்லை. ஆள் குறைவு. ஆனால் வருகிற ஒவ்வொருவரும் டயலைச் சுழற்றிக்கொண்டு வந்து என்னைக் கண்டுபிடித்த ஆள். அவரோடு நாலு வசனம் கதைக்கலாம். சிக்னல் ரிப்போர்ட் 59, உங்களுக்கும் 59, நன்றி, அடுத்தவர் என்று ஓடத் தேவையில்லை. மற்றவர்கள் செய்வது பிழை என்று சொல்லவில்லை. எனக்கு இது.

ஏழுமெகா
அதை மதிக்கிறேன். ஆனால் தனியாக மலையேறுபவர் அலர்ட் போடாமல் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எந்த மலை, எத்தனை மணி என்று வீட்டிலாவது எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

தென்குன்று தம்பிக்கு: முதல் ஆக்டிவேஷனுக்கு (உச்சியிலிருந்து இயக்குவதற்கு) அலர்ட்டும் போடுங்கள், ஸ்பாட்டும் போடுங்கள். கொள்கை எல்லாம் இரண்டாவது மலையில் பார்த்துக்கொள்ளலாம்.

தென்குன்று
சுவாரசியமாகப் போகிறது, நன்றி. லீத் ஹில் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பின்னால் எச்.எஃப். (சிற்றலை) போகத்தான் போகிறேன். 5 வாட், 10 வாட் வைத்துக்கொண்டு உண்மையிலேயே ஐரோப்பா முழுக்கப் பேச முடியுமா? 2024-இல் ஃபவுண்டேஷனுக்கு 25 வாட் வரை கொடுத்துவிட்டார்கள், அப்புறம் ஏன் எல்லோரும் குறைந்த பவர் ரிக்கையே தூக்கிக்கொண்டு போகிறார்கள்?

டிடாடிட்
எடைதான் காரணம். பவர் கூடினால் பேட்டரி கூடும், பேட்டரி கூடினால் முதுகு கேட்கும். எலெக்ராஃப்ட் கேஎக்ஸ்2 ரேடியோ முன்னூற்றுச் சொச்சம் கிராம், 10 வாட் வரை கொடுக்கும். 705 பேட்டரி இல்லாமலே ஒரு கிலோவுக்கு மேல், அதுவும் அதனுடைய சொந்த பேட்டரியில் 5 வாட்தான். யாயெசு கம்பெனி எஃப்டி-818 ரேடியோவை நிறுத்திவிட்டார்கள், ஆனால் பழையது நிறைய கைமாறுகிறது. நாலு செல் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி, 3 ஆம்பியர் மணி இருந்தால் ஒரு பகல் தாராளமாக ஓடும்.

5 வாட் போதுமா என்றால், போதும். இதில் மலை செய்கிற உதவியைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் 7 மெகாஹெர்ட்ஸைத் திறந்தால் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர், பிராட்பேண்ட் கம்பி எல்லாம் சேர்ந்து இரைச்சல் ரேடியோவின் சிக்னல் மீட்டரில் எஸ்7-இல் நிற்கும். உச்சியில் எஸ்1-தான் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. ஒரு எஸ் அலகு 6 டெசிபெல். ஆறு அலகு குறைந்தால் 36 டெசிபெல். ஆக, இதுவரை இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடந்த நிலையங்கள் எல்லாம் உங்களுக்குக் கேட்க ஆரம்பிக்கும். எதிர்முனையில் இருப்பவர் உங்களைக் கேட்பதுதான் மீதிப் பிரச்சினை. அதற்குத்தான் ஆன்டெனா.

இங்கே என் மோர்ஸ் பிரசாரத்தையும் செருகிவிடுகிறேன். குரலுக்கு ஏறக்குறைய 2400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டுக் கேட்கலாம். அகலம் பத்தில் ஒன்று ஆனால் உள்ளே வரும் இரைச்சலும் பத்தில் ஒன்று. 5 வாட் மோர்ஸ், 50 வாட் குரலுக்குக் கிட்டத்தட்டச் சமம். பயிற்சி பெற்ற காது அதற்கு மேலும் தோண்டி எடுக்கும். தேர்வுக்கு மோர்ஸ் வேண்டாம் என்று எடுத்துவிட்ட பிறகும் மலையில் அது செழித்துக்கொண்டிருப்பது பழைய பாசத்தால் மட்டும் இல்லை.

பனிச்சாரல்
எனக்கு மோர்ஸ் வராது, குரலிலேயே மலை மலையாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வராதவர்கள் மனம் தளர வேண்டாம்.

ஏழுமெகா
ஆன்டெனாவைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது லிங்க் டைபோல். மொத்த நீளம் மீட்டரில் வேண்டுமென்றால் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 14.2-க்கு 10 மீட்டரும் கொஞ்சமும். 7.1-க்கு 20 மீட்டரும் கொஞ்சமும். 20 மீட்டர் பேண்டுக்கான (14 மெகா) இரண்டு கைகளையும் முதலில் கட்டி, ஒவ்வொரு நுனியிலும் ஒரு முதலைக் கிளிப், அதற்கப்பால் 40 மீட்டர் பேண்டுக்கான (7 மெகா) மீதிக் கம்பி. கிளிப்பைக் கழற்றினால் 14 மெகா, மாட்டினால் 7 மெகா. ட்யூனர் வேண்டாம். நடுவில் 6 மீட்டர் கம்பு, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பி, நுனிகளில் கயிறு, கூடார முளை. தூண்டில் கம்பு வாங்கும்போது கண்ணாடி இழை என்று பார்த்து வாங்குங்கள். கார்பன் இழை மின்சாரம் கடத்தும், ஆன்டெனாவைக் கெடுக்கும்.

இடம் குறைவான உச்சியில் எண்ட் ஃபெட் நல்லது. 20 மீட்டர் கம்பி ஒன்று, அதன் ஒரு முனையில் ஃபெரைட் வளையத்தில் 2 சுற்றுக்கு 14 சுற்று என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். சுற்று ஒன்றுக்கு ஏழு, அதனால் மின்மறுப்பு ஒன்றுக்கு நாற்பத்தொன்பது. 7, 14, 28 மெகா மூன்றிலும் பேசும். ஒரு முனையை மட்டும் உயர்த்தினால் போதும்.

எந்த ஆன்டெனாவாக இருந்தாலும் உச்சிக் கல்தூணைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அதைத் தொட்டுப் படம் எடுக்கத்தான் மற்றவர்கள் மூன்று மணி நேரம் ஏறி வந்திருக்கிறார்கள். 25 மீட்டர் இறக்கம் வரை அனுமதி இருக்கிறது, காற்று மறைவாகக் கீழே ஒதுங்குங்கள். மெல்லிய கறுப்புக் கம்பி ஓடி வரும் குழந்தையின் கழுத்து உயரத்தில் இருந்தால் விபத்து. நுனிக் கயிற்றில் பளிச்சென்று ஒரு ரிப்பன் கட்டுங்கள்.

கோத்தகிரிக்காரன்
நீலகிரியிலிருந்து ஆஜர். தொட்டபெட்டா 2637 மீட்டர், உங்கள் ஸ்கேஃபெல் பைக் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் உச்சி வரை கார் போகும், உச்சியில் சோளம் சுடும் கடை வரை இருக்கும்! இந்த விதிப்படி நாங்கள் எல்லாம் எப்படி ஆடுவது?

ஏழுமெகா
சாலை இருப்பது தடை இல்லை. கடைசி ஏற்றம் மோட்டார் இல்லாமல் இருக்க வேண்டும். உச்சி வட்டத்துக்கு (அந்த 25 மீட்டர் இறக்க எல்லைக்கு) வெளியே வண்டியை நிறுத்திவிட்டுச் சாமானோடு நடந்து ஏறினால் சரி. இங்கேயும் பல மலைகளில் அதைத்தான் செய்கிறோம், கொஞ்சம் வெட்கத்தோடு.

புள்ளியை விடுங்கள். அந்த உயரத்திலிருந்து 2 மீட்டரில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: தொடுவானம் 210 கிலோமீட்டருக்கு மேல். கோவை, திருப்பூர், ஈரோடு, மைசூர் எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. கைரேடியோவோடு அங்கே நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால் சோளத்தைக்கூட மறந்துவிடுவேன். உரிமத்தின் நகலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்பார்கள். காட்டுக்குள் போகும் பாதை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம்.

கோத்தகிரிக்காரன்
மேகம் இறங்கினால் கை நீட்டினால் விரல் தெரியாது அண்ணே. ரேடியோ மட்டும் தெளிவாகக் கேட்கும். முயற்சி செய்கிறேன்.

பனிச்சாரல்
எல்லோரும் ரேடியோவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மலைக்காரி, ரேடியோ பின்னால் வந்தது. அதனால் ஸ்கேஃபெல் பைக் ஆசையை இன்னும் விடாத தம்பிக்கு நாலு வார்த்தை.

அடிவாரத்து வாஸ்டேல் ஹெட்டிலிருந்து ஏறினால் கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏற்றம். நெய்ஸ்மித் கணக்குப்படி 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஏறுவதற்கே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். அது நிற்காமல் நடப்பவருக்கு. நீங்கள் மேலே போய் ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காரப் போகிறீர்கள். வித்தியாசம் அங்கேதான். மற்றவர்கள் உச்சியில் சாண்ட்விச் தின்றுவிட்டு இறங்கிவிடுகிறார்கள், நடை அவர்களைச் சூடாக வைத்திருக்கிறது. வியர்த்த சட்டையோடு ஈரப் பாறையில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்திருப்பவருக்கு உடல் வேகமாகக் குளிர்ந்துபோகும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது காற்றே இல்லாத நாள் கணக்கு. காற்றையும் சேருங்கள். முதலில் விரல் மரத்துப்போகும், லாக்கில் எழுத்து கோணும். அப்புறம் சுலபமான முடிவுகூடத் தப்பாக எடுக்க ஆரம்பிப்பீர்கள். 705-க்கு வைத்திருந்த காசில் ஒரு பங்கை நல்ல பஃபி ஜாக்கெட்டுக்கும், உட்கார ஒரு துண்டு ஃபோம் பாய்க்கும் கொடுங்கள்.

அக்டோபர் கடைசியில் கடிகாரம் திரும்பியதும் 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். தலை விளக்கு கட்டாயம். மேகம் மூடினால் உச்சியிலிருந்து தப்பான பக்கம் இறங்கிப் பியர்ஸ் கில் பள்ளத்தில் மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். காகித வரைபடமும் திசைகாட்டியும் எடுங்கள், ஃபோன் குளிரில் அணைந்துவிடும். ஆபத்து என்றால் 999 அழைத்து, போலீஸைக் கேட்டு, அப்புறம் மவுன்டன் ரெஸ்க்யூ என்று சொல்ல வேண்டும். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. தூரத்தில் இடி கேட்டால் கம்பை இறக்குங்கள், நீங்களும் இறங்குங்கள். மூன்று தொடர்பு முடிந்து நாலாவது பாக்கி என்றாலும் இறங்குங்கள்.

வட்டக்கச்சி
தங்கச்சி சொல்வதை அப்படியே கேளுங்கோ. மலை அடுத்த கிழமையும் அங்கதான் நிற்கும்.

தென்குன்று
சரி அக்கா, ஸ்கேஃபெல் பைக் அடுத்த கோடைக்கு. இந்த ஞாயிறு லீத் ஹில். ஸ்லிம் ஜிம் செய்தாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். 145.500-இல் என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும்? அங்கேயே பேசலாமா?

ஏழுமெகா
அங்கே அழைக்க மட்டும். முதலில் காலியாக ஒரு சேனலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், 145.400 மாதிரி. அப்புறம் 500-இல் "சிக்யூ சோட்டா", கால்சைன், போர்ட்டபிள், லீத் ஹில் என்று சொல்லுங்கள். யாராவது பதில் கொடுத்ததும் இருவரும் அந்தக் காலி சேனலுக்குப் போய்விடுங்கள். அங்கேயே நின்றால் மற்றவர்கள் தேடி வருவார்கள். ஜி/எஸ்இ-002 என்ற எண்ணை அவ்வப்போது சொல்லுங்கள், சேஸர்களுக்கு அதுதான் வேண்டும்.

பிள்ளைகள் வந்தால் ஸ்டார்வால் கார்னரில் வண்டியை நிறுத்துங்கள். விண்டி கேப்பிலிருந்து படிக்கட்டு செங்குத்து. மேலே 1765-இல் கட்டிய கோபுரம் ஒன்று இருக்கிறது, மலையை ஆயிரம் அடிக்கு மேல் உயர்த்தக் கட்டியது. தேநீர் கிடைக்கும். அவர்களைக் கோபுரத்துக்கு அனுப்பிவிட்டு நீங்கள் லாக் எழுதலாம்.

டிடாடிட்
ஞாயிறு நான் வென்டோவர் வுட்ஸ் உச்சிக்குப் போகிறேன். 267 மீட்டர். அங்கிருந்து லீத் ஹில் 70 கிலோமீட்டர் இருக்கும், இரண்டு பேருக்கும் உயரம் இருக்கிறது, எஃப்.எம்.மில் கிடைக்க வேண்டும். உச்சிக்கு உச்சி தொடர்பு, உங்களுக்கும் எனக்கும் சேஸர் புள்ளியும் உண்டு. காலை பத்தரையிலிருந்து 145.500-இல் காது வைத்திருப்பேன். எஃப்.எம். என்பதால் ஸ்லிம் ஜிம் செங்குத்தாகவே இருக்கட்டும், படுக்கவைத்தால் சிக்னல் விழுந்துவிடும்.

வட்டக்கச்சி
நானும் பார்டன் ஹில் ஏறி முயன்று பார்க்கிறேன். லெஸ்டரில் இருந்து தெற்கே அவ்வளவு தூரம் எஃப்.எம். எட்டுமோ தெரியாது. ஸ்பாட் போட மாட்டேன், சொல்லிப்போட்டேன்.

தென்குன்று
மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: லாக்கை எப்போது ஏற்ற வேண்டும்? நேரம் நம் கடிகார நேரமா?

பனிச்சாரல்
எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், அவசரம் இல்லை. நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்). இந்த ஞாயிறு இன்னும் கோடை நேரம் ஓடுகிறது, அதனால் ஒரு மணி குறைத்து எழுதுங்கள், பத்தரை என்றால் 0930. பென்சில் எடுத்துப் போங்கள், பேனா மழையில் எழுதாது.